ஒழுகும் கூரை

டோபி காட் என்ற பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. 'டோபி' என்றால் சலவைத் தொழிலாளி. 'காட்' என்றால் படித்துறை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கு ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். அந்த ஓடையே பின்னாளில் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது. அருகில் இருப்பது ஃபோர்ட் கேனிங் குன்று. அது நெடுங்காலம் ராணுவத்தின் கையில் இருந்தது.

துணி துவைப்பவருக்குத் தண்ணீர் வேண்டும். ராணுவ வண்டிக்குள்ளோ ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது. ஆனால், சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏறத்தாழ 170 நாள் மழை நாள்தான். வண்டிக்குள் வானொலிக் கருவி இருக்கும், வரைபடம் இருக்கும். மருத்துவ வண்டியாக இருந்தால் காயம்பட்ட ஒருவர் படுத்திருப்பார். அவர் முகத்தில் சொட்டும் நீரைச் சிறிய குறை என்று தள்ளிவிட முடியுமா?

சிங்கப்பூர் ஆயுதப் படை பல ஆண்டுகள் பயன்படுத்திய வண்டி லேண்ட் ரோவர். இது பிரிட்டனில் 1948ஆம் ஆண்டு அறிமுகமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு எஃகு தட்டுப்பாடாக இருந்ததால், வண்டியின் மேற்பகுதியை அலுமினியக் கலவைத் தகடுகளால் செய்தார்கள். தகடுகளைப் போல்ட்டு போட்டு இணைத்தார்கள். ஒரு தகடு நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். போர்க்களத்தில் இது பெரிய வசதி. ஆனால், இணைப்பு எத்தனையோ, மழைநீர் நுழையும் வழியும் அத்தனை.

கூரைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் பட்டை இருக்கும். வெயிலில் காய்ந்து அது வெடித்துவிடும். முன்கண்ணாடியின் மேல் விளிம்பும் கூரையில் அடித்த ரிவெட்டுகளும் நாளடைவில் தளர்ந்துவிடும். இதைவிடத் தொல்லை, நீர் நுழையும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு என்பதுதான். பின்பக்கம் நுழைந்த நீர் கூரையின் உட்புறத்தில் தேங்கி நிற்கும். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியதும் முன்னால் பாய்ந்து அவர் மடியில் கொட்டும்!

பட்டறைக்குப் புதிதாக வரும் இளையர், "அண்ணே, சொட்டுற இடத்துல உள்ளேயிருந்து பசையப் பூசிட்டா போதாதா?" என்று கேட்பதுண்டு. போதாது. உள்ளே அடைத்தால், வெளியே நுழைந்த நீர் தகட்டுக்கு இடையில் சிக்கிக்கொள்ளும். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்துப்போகும். சொட்டுவது நின்றிருக்கும், கூரை மெல்ல மெல்ல வீணாகிக்கொண்டிருக்கும். எனவே, பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, துடைத்துக் காயவைத்து, வெளிப்புற இணைப்பில் புதுப் பசையும் புது ரப்பரும் வைக்க வேண்டும். போல்ட்டை அளவோடு முடுக்க வேண்டும். மிகவும் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி இன்னொரு வழியைத் திறந்துவிடும்.

கித்தான் கூரை போட்ட வண்டியின் கதை வேறு. பருத்தி நூல் நனைந்தால் பருக்கும்; தையல் ஊசி போட்ட ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளும். நைலான் நூல் அப்படிச் செய்யாது. அதனால், கிழிந்த கித்தானைக் கண்ட நூலால் தைத்தால் தையல் வழியே ஒழுகும். கித்தான் தொய்ந்து நீர் குளம்போல் தேங்கினாலும் ஒழுகத் தொடங்கும்.

எல்லா ஓட்டையையும் அடைப்பதும் தவறு. கதவின் அடியில் இருக்கும் சிறு ஓட்டைகள் நீர் வடிவதற்காக வைக்கப்பட்டவை. இலையோ சேறோ அடைத்திருந்தால் கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். டோபி காட்டை அடுத்த ஆர்ச்சர்ட் சாலையில் 16 ஜூன் 2010 அன்று வெள்ளம் புகுந்தது நினைவிருக்கலாம். ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் ஓரிடத்தில் குப்பை அடைத்துக்கொண்டதே அதற்கு முக்கியக் காரணம்.

வேலை முடிந்ததும் சோதிக்க இருவர் தேவை. ஒருவர் கைவிளக்குடன் வண்டிக்குள் அமர்வார். மற்றவர் குழாயால் நீரைப் பாய்ச்சுவார். முதலில் முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு, பிறகு மேல் விளிம்பு, கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கும் வழிந்து, எந்த இணைப்பு ஒழுகுகிறது என்றே தெரியாமல் போய்விடும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர், "இங்கதான்!" என்று குரல் கொடுத்ததும், வெளியே இருப்பவர் குழாயை நிறுத்திவிட்டுச் சுண்ணக்கட்டியால் அந்த இடத்தில் குறியிடுவார்.