"இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

கீரமங்கலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற அந்த வீட்டில், கடையில் புதுசாக வாங்கிய பொருள் என்று நாலைந்துதான் தேறும். அடுப்படிக் கதவு காரைக்குடிப் பக்கம் ஏதோ ஒரு பெரிய வீட்டில் இருந்தது. கூரை ஓடு, ஆலங்குடிப் பக்கம் இடித்த ஒரு பழைய கட்டடத்து ஓடு. கட்டில், மாற்றலாகிப் போன ஒரு வாத்தியார் விற்றுவிட்டுப் போனது. விதை உளுந்து இருப்பது ஓடாத பிரிட்ஜுக்குள். ஊரில் சிலர் அதற்கு 'காயலாங்கடை வீடு' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. "கடன்கார வீடுன்னு சொல்லலையே, அது போதும்" என்பார்.

இந்தப் பழக்கம் ஆசைப்பட்டு வந்ததில்லை. 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியையும் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனது. விடிந்து பார்த்தபோது அவர்கள் தோப்பில் நின்றிருந்த 70 தென்னையில் 6 மிச்சம். கொல்லைப்புறத்துப் பலாமரம் வீட்டின் மேலேயே படுத்திருந்தது. ஓடு நொறுங்கி, உத்திரம் முறிந்து, நனைந்த நெல் நடுவீட்டிலேயே முளைவிட்டது.

வீட்டுக்காரருக்குக் கடன் வாங்கித் தளம் போட்ட வீடாகக் கட்டிவிட ஆசை. தவணைக்குக் கொடுக்க ஆளும் தேடி வந்தார்கள். அந்த அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏங்க, இப்ப நடுற தென்னை காய்க்க 6 வருசம் ஆகும். தவணை அடுத்த மாசமே வந்து நிக்கும். எதை வித்துக் கட்டுவீங்க?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. பழைய சுவரை வைத்துக்கொண்டே, பழைய சாமான் வாங்கி வீட்டைத் தூக்கி நிறுத்துவது என்று முடிவானது.

செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது கதவு, நிலை, தூண், பித்தளைச் சாமான், எனாமல் பாத்திரம் என்று எல்லாமே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேரும். வெளியூர்க்காரர்கள் அலங்காரத்துக்காக வாங்கும் சாமான்களுக்கு அங்கே விலை அதிகம். வேலைப்பாடு இல்லாத சாதாரணக் கதவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அம்மா அதைத் தேடித்தான் போனார்.

அவர் கதவு வாங்கிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் விலையைக் கேட்கவில்லை.

"தம்பி, இது வீட்டுல எந்த எடத்துல இருந்த கதவு?"

"எந்த எடத்துல இருந்தா என்னக்கா? அசல் தேக்கு."

"தேக்குதான், தெரியுது. வாசல்ல இருந்துச்சா, உள்ளயா?"

தெருவைப் பார்த்த கதவு வருசா வருசம் மழைச்சாரல் வாங்கியிருக்கும். அதன் கால் பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மரம் செத்திருக்கும். அதை மறைத்துச் சாயம் அடித்திருப்பார்கள். உள்கதவில் அந்தக் குறை குறைவு. அதிலும் அடுப்படிக் கதவு பல வருசம் விறகுப் புகை குடித்த மரம் என்பதால் பூச்சி அவ்வளவாக அண்டாது. அவர் கதவை மேலிருந்து கீழ் வரை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்த இடம் பொத்தென்று கேட்கும். பிறகு கதவைச் சாய்த்துத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டிக் கீழே குனிந்து பார்த்தார். குண்டூசித் துளையிலிருந்து மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட மரத்தைச் சும்மா கொடுத்தாலும் வீட்டுக்குள் ஏற்றக்கூடாது. அது மற்ற மரத்தையும் தின்னும்.

நிலையோடு சேர்த்து 9,000 ரூபாய்க்கு முடித்தார். புது மரத்தில் செய்து மாட்ட உள்ளூர் ஆசாரி கேட்டது 26,000. சிமெண்ட் ஏற்ற வந்த வண்டியில் போட்டுக் கொண்டுவந்ததால் வாடகையும் மிச்சம். பழைய கதவு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுக்கு அடிக்கும் சாயத்தில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016-ல்தான். அதனால் பழைய சாயத்தை உலர்வாகத் தேய்க்காமல், நீர் தடவி ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த வேலை நடக்கும் இடத்தில் குழந்தையும் கோழியும் வேண்டாம். தேய்த்த தூளை வாரிக் குப்பைக்குழியில் போட்டு எருவோடு சேர்த்துவிடவும் கூடாது.

மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பித்தளை அண்டாவை எடைக்கு வாங்கினார். வாங்குமுன் நீர் நிரப்பி அடியில் பற்றவைத்த இடம் கசிகிறதா என்று பார்த்தார். உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் மோரோ புளியோ வைக்கக்கூடாது, செம்பு இறங்கிவிடும். அவர் அதில் நெல் அவிப்பதோடு சரி.

பழைய சேலை மூட்டையாக வாங்கியதைப் பார்த்துத்தான் ஊரே சிரித்தது. கடலைக் கொல்லையைச் சுற்றி அந்தச் சேலைகளைக் கட்டிவிட்டார். ராத்திரியில் பன்றி வேலியைத் தாண்டாமல் திரும்பியது. மயிலுக்கு அந்த மரியாதை தெரியவில்லை, அதை ஆள் வைத்துத்தான் விரட்ட வேண்டியிருந்தது. சேலையும் ஒரு போகத்துக்குத்தான் வேலை செய்யும். ஒரே இடத்தில் ஒரே சேலை ஆடிக்கொண்டிருந்தால் பன்றிக்குப் பழகிவிடும், இடத்தை மாற்றிக் கட்ட வேண்டும்.

சாக்கு விஷயத்தில் அவர் இன்னும் கறார். பழைய சாக்கின் தையல் இடுக்கில் வண்டும் முட்டையும் ஒட்டிக்கொண்டு வரும். நல்ல தானியத்தை அதில் கொட்டினால் இரண்டே மாதத்தில் ஓட்டைதான் மிஞ்சும். உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப்போட்டு உதறி, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, நல்ல வெயிலில் காய்ந்த பிறகே அவர் வீட்டில் சாக்குக்கு வேலை.

பிரிட்ஜ் பழுது பார்க்கும் கடையில் மோட்டாரைக் கழற்றிவிட்டு வெயிலில் போட்டிருந்தது. எலி நுழையாத பெட்டி அது என்று அவருக்குப் பட்டது, உண்மையும்தான். ஆனால் காற்று அடைபட்ட இடத்தில் ஈர விதையை வைத்தால் பூஞ்சணம் பிடித்து முளைப்பு போய்விடும். காற்றுப் புகாத கலத்தில் வைக்கும் நெல், உளுந்து விதைகளுக்கு ஈரம் 8 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதைச்சான்று அளவுகோல். கருவி இல்லாதவர்கள் பல்லில் கடித்துப் பார்க்கலாம். நசுங்கினால் இன்னும் காய வேண்டும், டக்கென்று உடைந்தால் உள்ளே வைக்கலாம். பேரன் ஒளிந்து விளையாட அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்த அன்றே, வெளியே எட்டாத உயரத்தில் கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டுவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தை கத்தினாலும் வெளியே கேட்காது.

கேஸ் குழாய், ரெகுலேட்டர், குக்கர், மோட்டார் ஸ்டார்ட்டர், வயர் ஆகியவற்றை மட்டும் புதுசாக வாங்கினார். அதில் பேரமே பேசவில்லை.

எதை எடுத்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?" கடைக்காரர்கள் எரிச்சல்பட்டாலும் பதில் வராமல் காசு வராது. இந்தக் கேள்வியை 2021 கோடையில் ஒரே ஒரு தடவை கேட்காமல் போனதுதான் அந்த வீடு இன்றுவரை பேசத் தயங்குகிற கதை.

அந்த அம்மா தாய்வீட்டுக்குப் போயிருந்தார். பழைய டிரம் ஏற்றிய வண்டி ஒன்று ஊருக்குள் வந்தது. 200 லிட்டர் நீல டிரம். மற்ற இடத்தில் 800 ரூபாய் சொல்வதை வண்டிக்காரர் 300-க்குத் தருவதாகச் சொன்னார். ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். லேசாக ஒரு வாடை. வீட்டுக்காரர், மனைவி வந்து பார்த்தால் மெச்சுவாள் என்றுதான் வாங்கினார். சோப்புத்தூள் போட்டு, புளி போட்டு, நாலு தடவை கழுவி 2 நாள் வெயிலில் கவிழ்த்தார். வாடை போய்விட்டது. மாட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தார்.

மறுநாள் காலை பசுவும் 4 மாதக் கன்றும் அதில் குடித்தன. உச்சிப்பொழுதுக்குள் கன்றின் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகியது. தோல் துடித்தது. நிற்க முடியாமல் முன்காலை மடக்கியது. கால்நடை மருத்துவர் வந்து கண்ணைத் திறந்து பார்த்தார். கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கியிருந்தது. "தண்ணி எதுல வச்சீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஆர்கனோ பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் வருகிற அறிகுறிகள் இவை. அட்ரோபின் ஊசி போட்டார். பசு பிழைத்தது. கன்று சாயங்காலம் போய்விட்டது. பசுவின் பாலையும் தான் சொல்லும்வரை கறந்து கொட்டச் சொன்னார் மருத்துவர். கன்றைத் தேடி அது 3 நாள் கத்தியது.

நாலு தடவை கழுவியும் எப்படி என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பல பூச்சிமருந்துகள் எண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்தவை. அந்தக் கரைப்பானோடு மருந்து பிளாஸ்டிக் சுவருக்குள்ளேயே ஊறிப்போகிறது. சோப்பு மேல்பரப்பைத்தான் கழுவும். மூடியின் திருகு மரையிலும் மருந்து தங்கும். பிறகு தண்ணீர் நிரப்பி வைத்தால் ஊறியது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இறங்கும். மூக்குக்கு வாடை தெரியவில்லை என்பது ஒரு சோதனையே கிடையாது. பெரிய பசு தாங்கியது, சிறு உடம்பு தாங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு வண்டிக்காரரைத் திட்டுகிறவர்கள், தங்கள் மோட்டார் கொட்டகையையும் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். மருந்து வந்த 1 லிட்டர், 5 லிட்டர் கேன்கள் எத்தனை கொல்லைகளில் மண்ணெண்ணெய்க்கும் வேலையாட்களின் குடிதண்ணீருக்கும் போகின்றன! லேபிளில் முக்கோணம் சிவப்போ மஞ்சளோ நீலமோ பச்சையோ, எதுவாக இருந்தாலும் அந்தக் கேனுக்கு இரண்டாவது பிறவி கிடையாது. காலியானதும் மூன்று தடவை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். 1971-ம் வருசத்துப் பூச்சிக்கொல்லி விதிகள், மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி காலிக்கலத்தை உடைத்து, குடியிருப்பை விட்டுத் தள்ளிப் புதைக்கச் சொல்கின்றன. கிணறு, வாய்க்கால் பக்கமும் வேண்டாம். கொளுத்தினால் அந்தப் புகை வேறு விஷம்.

தாய்வீட்டிலிருந்து திரும்பிய அந்த அம்மா கணவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. டிரம் தொழுவத்தின் பின்னால் கிடந்தது. அடுத்த வாரம் பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆகாத டிரம்தானக்கா? 250 தாரேன், போட்டுருங்க."

"வேணாம்ணே."

"சும்மா வெயில்ல கெடந்து வெடிக்கப் போவுது. சரி, 300."

"நீங்க இதைக் கொண்டுபோயி என்ன செய்வீங்க?"

"செய்யறதென்ன. தண்ணிக்குக் கேட்டு யாராச்சும் வாங்குவாங்க."

அவர் போன பிறகு வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்து வந்தார். கையுறை போட்டுக்கொண்டு டிரம்மின் நாலு பக்கமும் குத்தி, அரத்தால் துண்டு போட்டு, தோப்பின் மேட்டுக் கோடியில் கிணற்றை விட்டுத் தள்ளி ஆழக் குழி வெட்டினார். ஒரு காலை முழுக்க அதற்கே போனது. அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, மண் தள்ளி முடிந்த பிறகுதான் சோறு வைக்கப் போனார்.

பழைய டிரம் வாங்குவதை அவர்கள் விட்டுவிடவில்லை. ஜீவாமிர்தம் கலக்க ஏக்கருக்கு ஒரு 200 லிட்டர் கலம் வேண்டியிருக்கிறதே. இப்போது சமையல் எண்ணெய், ஊறுகாய், பழக்கூழ் வந்த டிரம் என்றால், அது வந்த இடத்துக்கே போய் லேபிளோடு வாங்குகிறார்கள். விலை 200, 300 கூடுதலாகிறது. வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா வெள்ளைச் சாயத்தில் டிரம்மின் நெற்றியில் எழுதிவிடுகிறார். ஒன்றில் 'எண்ணெய்'. ஒன்றில் 'மாம்பழக் கூழு'. தொழுவத்து ஓரம் கவிழ்ந்து கிடக்கும் பழைய டிரம் ஒன்று, புயலுக்கு முன்னாலிருந்தே வீட்டில் இருப்பது. அதைப் பற்றிக் கணவருக்கும் ஞாபகமில்லை, அவருக்கும் ஞாபகமில்லை. அதன் மேல் 'தெரியாது' என்று எழுதியிருக்கிறது. அதில் காய்ந்த தென்னை மட்டை மட்டும்தான் போடுகிறார்கள்.