மருந்தும் தாய்ப்பாலும்

தாய்ப்பாலின் மேன்மையைப் பேசுவோர்க்கு நம் சமுதாயத்தில் என்றுமே குறைவிருந்ததில்லை. ஆயின், பாலூட்டும் பெண் நோயுற்றால் அவள் எம்மருந்தை உண்ணலாம், எதனைத் தவிர்த்தல் வேண்டும் என்ற வினாவுக்குத் தெளிவான விடை பகர்வோர் மிகச் சிலரே.

என் மகளுக்கு 4 மாதம் நிரம்பியிருந்தபோது எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தனியார் மருத்துவர் ஒருவர் மாத்திரைகளைத் தந்து, "5 நாளுக்குப் பாலை நிறுத்துங்கள், பால்மா கொடுங்கள்" என்றார். மாத்திரைகளின் பெயரை வினவினேன். "அது உங்களுக்கு எதற்கு, ரீச்சர்?" என்பதே மறுமொழி. வீட்டில் மாமியோ, "மருந்தை விடு பிள்ளை. பால்சுறாவும் உள்ளியும் சாப்பிட்டாலே எல்லாம் சரிவரும்" என்றார். கற்றவரும் கல்லாதவரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டனர்: தன் உடல்நலம், குழந்தையின் உணவு ஆகிய இரண்டில் ஒன்றைத் தாய் துறந்தே ஆகவேண்டும்! எங்கள் பகுதிக் குடும்பநல மாது மட்டுமே, "உள்ளிருக்கும் மருந்து எது என்று முதலில் அறிந்து வாருங்கள்" என்றார். விசாரித்தபோது அவை பரசிற்றமோலும் அமொக்சிசிலினுமே எனத் தெரிந்தது. இரண்டுமே பாலூட்டும் தாய்மார் உண்ணத்தக்கவை. மருந்தையும் உண்டேன், பாலையும் ஊட்டினேன்.

மருந்துகளிற் பெரும்பாலானவை மிகச் சிறிய அளவிலேயே தாய்ப்பாலைச் சேர்கின்றன. உடல் நிறைக்கேற்பக் கணிக்குமிடத்து, குழந்தை பெறும் அளவு தாய் உண்பதில் 10 வீதத்துக்குக் குறைவாயின் பொதுவாக ஏற்கத்தக்கது என்பது மருந்தியலார் கொள்ளும் அளவுகோல். இதனால் எல்லா மருந்தும் தீங்கற்றவை என்றாகாது. கோடீன் உடலினுள் மோர்பினாக மாறுகின்றது. சிலரிடத்து இம்மாற்றம் மிக விரைந்து நிகழ்கின்றது. பாலூட்டும் தாய்மார் அதனைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது.

வேறு சில மருந்துகள் பாலின் ஊற்றையே குறைப்பன. மூக்கடைப்புக்கு உண்ணும் சூடோஎபெட்ரின் அத்தகையது. 2003இல் வெளியான மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், 8 பெண்கள் அதனை 60 மில்லிகிராம் ஒருமுறை உண்டபோது அன்றைய பால் சராசரி 24 வீதம் குறைந்தது. ஈஸ்திரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் பாலைக் குறைக்கக்கூடும். ஆயின் வேண்டாதபோது "பாலை நிறுத்து" என்னும் அறிவுரையும் இதையே செய்கின்றது. பால், வெளியேற வெளியேறவே சுரக்கும். தேங்குமாயின் சுரப்பு ஓயும். 5 நாள் ஓய்ந்த மார்பில் பழைய ஊற்றை மீட்பது எளிதன்று.

ஆகவே மருந்தின் பெயரை அறிதல் வெறும் ஆர்வமன்று. அது தாயின் உரிமை. பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனிகள் இடும் வணிகப் பெயர்களை விடுத்து மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால் வழங்கவேண்டும் என்று போராடினார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணரானார். அக்கொள்கையை விலைக்குறைப்பு என்ற அளவிலேயே நாம் போற்றி வந்துள்ளோம். பெயர் மறைக்கப்பட்ட மருந்தைப் பற்றி யாரும் வினாவெழுப்ப முடியாது என்பதையும் அது நமக்கு உணர்த்துகின்றதன்றோ?

படித்த ஆசிரியைக்கே பெயர் மறுக்கப்படுமாயின், தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொழுந்தெடுக்கும் பெண் யாரிடம் கேட்பாள்? மருத்துவர் எளிதாகச் சொல்லும் பால்மாப் பேணி அவளது கூலியை விழுங்கிவிடும். மருந்துறையின் மீது மருந்தின் பொதுப்பெயரும், பாலூட்டுவோர்க்கு அது ஏற்றதா என்பதும், அவள் வாசிக்கும் மொழியில் எழுதப்படல் வேண்டும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அவளும் அறியத்தக்கவள் என்ற எண்ணமே வேண்டும்.