மீட்டர் சிமிட்டுறதை எண்ணிச் சொல்லுங்க!

பாட்டி மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார் என்பது எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. டம்ளரை நீட்டினால், “இப்பதான்டி குடிச்சேன்” என்பார். குடித்திருக்க மாட்டார்.

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து பாட்டி கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. டயப்பர் போட்டால் தோல் புண்ணாகிறது. அதனால் தினமும் இரண்டு பெட்ஷீட், நான்கைந்து பழைய புடவைத் துண்டுகள். எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க, ஏழு வருடப் பழைய ஃப்ரன்ட் லோடு மெஷின் இருக்கிறது.

கொஞ்ச நாளாகத் துவைத்த துணியிலும் வாடை. சோப்புத்தூளை மாற்றினோம், மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் போட்டுப் பார்த்தோம். கடைசியில் அம்மா கேஸ் அடுப்பில் தண்ணீர் காயவைத்து, பக்கெட்டில் தூக்கிப்போய் ஊறவைக்க ஆரம்பித்தார். இதற்கிடையில் பார்க்க வந்த உறவினர் ஒருவர் மூக்கைச் சுளித்ததைப் பாட்டி கவனித்துவிட்டார். தண்ணீர் குடிக்காததன் காரணம் அதுதான்.

ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது எதேச்சையாகக் கதவுக் கண்ணாடியில் கை வைத்தேன். முக்கால் மணி நேரம் ஓடியும் ஜில்லென்று இருந்தது. 60 டிகிரி என்றால் கண்ணாடி சுட வேண்டாமா? ஃப்ரன்ட் லோடில் குழாய்த் தண்ணீரை மெஷினே உள்ளே இருக்கும் ஹீட்டரால் சூடாக்குகிறது. சில மாடல்கள் ஹீட்டர் போனால் எரர் காட்டும். எங்களுடையது ஒன்றும் சொல்லாமல், துவைக்கும் நேரத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போயிருக்கிறது. (வாஷிங்மெஷின் பராமரிப்பு டிப்ஸ் நானே மூன்று எழுதியிருக்கிறேன். மூன்றிலும் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை!)

சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் நான்கு பட்டனை அழுத்திவிட்டு, “போர்டு போயிடுச்சு, 8,500 ரூபாய் ஆகும். புதுசே வாங்கிடுங்க” என்றார். பின்பக்கத் தகட்டைக் கழற்றவே இல்லை. அப்பா புது மெஷினுக்கு இ.எம்.ஐ கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் பார்க்கும் பெரியவருக்கு அம்மா போன் செய்தார். “எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, மெஷினை மட்டும் ஓடவிட்டு, மீட்டர் சிமிட்டுறதை எண்ணிச் சொல்லுங்கம்மா” என்றார் அவர்.

எங்கள் இ.பி. மீட்டரில் ‘ஒரு யூனிட்டுக்கு 3200’ என்ற கணக்கு அச்சடித்திருக்கிறது. அத்தனை முறை சிவப்பு விளக்கு சிமிட்டினால் ஒரு யூனிட். ஹீட்டர் 2,000 வாட். அது எரிந்தால் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் சிமிட்ட வேண்டும். அம்மா மேலேயிருந்து, “தண்ணி ஏறிடுச்சு, சுத்துது” என்று போனில் சொல்லச் சொல்ல, நான் மாடிப்படிக்குக் கீழே நின்று எண்ணினேன். பத்து நிமிடம் கழித்து எண்ணியபோதும் நிமிடத்துக்குப் பதினொன்றுதான். மோட்டார் மட்டும்தான் கரண்ட் இழுக்கிறது.

மாலையில் பெரியவர் வந்தார். பிளக்கைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றி, ஹீட்டரின் ஒயர்களை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தார். “நல்லா இருந்தா 26 ஓம் கிட்ட காட்டணும் பாப்பா. அதைக் காட்டியும் சூடாகலைன்னா அப்புறம் போர்டைச் சந்தேகப்படலாம்.” மீட்டர் எதையும் காட்டவில்லை. உள்ளே காயில் அறுந்திருந்தது. பக்கத்திலிருந்த சிறிய சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார். சூடு ஏற ஏற எண் இறங்கியது. அது நன்றாக இருக்கிறதாம்.

ஹீட்டரை உருவியெடுத்தபோது அம்மா, “இது என்னண்ணே, சுண்ணாம்பா?” என்றார். கம்பி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு கட்டியிருந்தது. எங்கள் மடிப்பாக்கம் போர் தண்ணீர் அப்படி. உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே தங்கி, ஒருநாள் காயிலை அறுத்துவிடுகிறது. உப்போடு வெடிப்பும் விட்டால் கரண்ட் கசிந்து வீட்டு டிரிப்பர் விழுமாம். எங்களுக்கு அதுவரை போகவில்லை.

புது ஹீட்டர் 1,400, கூலி 500. மறுபடி கீழே ஓடி எண்ணினேன். 108! மேலே அம்மா கண்ணாடியில் கை வைத்துவிட்டு “சுடுதுடி” என்று கத்தியது படிக்கட்டு வரை கேட்டது.

பாட்டி உடனே நம்பிவிடவில்லை. தலையணை உறையைத் தினமும் முகர்ந்து பார்த்தார். நான்காம் நாள் ராத்திரி பத்து மணிக்கு, “தொண்டை காயுதுடி, அரை டம்ளர் குடு” என்றார். கொடுத்தேன். அரை டம்ளர்தான் குடித்தார்.