ஆலுவாவில் வெள்ளம் என்றால் தண்ணீர்

காலை ஏழு மணிக்கு ஆலுவா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் காதில் விழுவது மலையாளம் அல்ல, ஹிந்தி. கொஞ்சம் நடந்தால் வங்காளி, ஒடியா, அசாமி. தோளில் ஒரு பை, கையில் ஒரு சோற்றுத் தூக்கு, காதில் செல்போன். மேஸ்திரியின் வண்டிக்காக ஓரமாக நிற்கிறார்கள். தலைக்கு மேலே மெட்ரோ ரயில் போகிறது. 2017 ஜூனில் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது அதன் முதல் நிலையம் இந்த ஆலுவாதான்.

இவர்கள் எல்லோருக்கும் உள்ளூரில் ஒரே பெயர்: பங்காளி. பீகாரிலிருந்து வந்தவரும் பங்காளி, அசாமிலிருந்து வந்தவரும் பங்காளி. வங்காளி என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி ஒலிக்கிறது. சொத்தில் பங்குள்ளவன் அல்லவா நமக்குப் பங்காளி? கேரள அரசு இவர்களை மரியாதையாக ‘அதிதி தொழிலாளி’ என்கிறது. விருந்தாளி என்பதும் அழகான சொல்தான். ஆனால் விருந்தாளியின் குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகும், எந்த மொழியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்? அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஆலுவாவிலிருந்து பெரியாற்றைக் கடந்து கடுங்ஙல்லூர் பக்கம் போனால் சில கிலோமீட்டரில் எடையார் தொழிற்பேட்டை வருகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏலூர். உரம், ரசாயனம், அலுமினியம் என்று 1940களிலிருந்தே ஆலைகள் முளைத்த இடம். எடையாரில் பினானி நிறுவனத்தின் துத்தநாக ஆலை 1960களில் வந்தது. ஊருக்கே பினானிபுரம் என்று பெயர் விழுந்தது. ஆலை பின்னர் மூடப்பட்டது. பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியும் இருக்கிறது.

கேரளத்தில் பல அரசுப் பள்ளிகளின் கதைதான் இதற்கும். உள்ளூர்க் குடும்பங்கள் ஆங்கிலப் பள்ளிகளைத் தேடிப் போக, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. காலியான பெஞ்சுகளில் பிற மாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் வந்து உட்கார்ந்தார்கள். கேரளத்தில் 25 லட்சம் பிற மாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக 2013ல் குலாத்தி நிதி நிறுவன ஆய்வு மதிப்பிட்டது. முதலில் தனியாக வந்தவர்கள் பிறகு மனைவி மக்களையும் அழைத்து வந்தார்கள். ஆசிரியருக்கோ மலையாளம், பிள்ளைக்கோ ஹிந்தி அல்லது ஒடியா. நடுவில் கரும்பலகை.

இங்கிருந்துதான் ‘ரோஷ்னி’ பிறந்தது. 2017ல் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய திட்டம். அதைச் செய்து பார்த்த முன்னோடிப் பள்ளிகளில் பினானிபுரமும் ஒன்று. சில பள்ளிகளில் ஆரம்பித்து இரண்டு வருடங்களுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. கொச்சி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பணம் கொடுத்தது.

முறை எளிமையானது. பள்ளி மணி அடிப்பதற்கு முன் ஒன்றரை மணி நேரம் தனி வகுப்பு. காலை உணவும் உண்டு. பாடம் நடத்துபவர் வழக்கமான ஆசிரியர் அல்ல. ஹிந்தியோ வங்காளியோ ஒடியாவோ தெரிந்த, மலையாளமும் தெரிந்த ஒரு கல்வித் தொண்டர். பிள்ளையின் மொழியில் பேச்சைத் தொடங்குவார். ஒவ்வொரு சொல்லாக மலையாளத்தை நுழைப்பார். பிள்ளை தடுமாறினால் வீட்டு மொழிக்குத் திரும்புவார், மறுபடி மலையாளத்துக்கு வருவார். மொழி மாற்றி மொழி பேசிப் புரியவைக்கும் வித்தை. எல்லையோரக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். அதைப் பாடத்திட்டமாக்கியதுதான் புதுமை.

‘பானி’ என்று எடுத்துக்கொள்வோம். ஹிந்திக் குழந்தைக்குத் தெரிந்த சொல். மலையாளத்தில் அது ‘வெள்ளம்’. ஒரு டம்ளர் தண்ணீரைக் காட்டிப் பானி, வெள்ளம், வாட்டர் என்று மூன்றையும் சொன்னால் போதும், பிடித்துக்கொள்ளும். தமிழ்க் குழந்தைக்கு இந்தச் சொல் எளிது என்று நினைப்போம். இல்லை. நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. அதற்கு மலையாளத்தில் ‘வெள்ளப்பொக்கம்’. 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி ஆலுவாவை மூழ்கடித்தபோது இங்கிருந்த தமிழர்களுக்கு இரண்டு வெள்ளமும் ஒன்றாகத்தான் வந்தது.

இதை நான் வெளியிலிருந்து மட்டும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கேரளத்தின் ஒரு நகரத்துக்கு மாற்றலானபோது எனக்கு ஏழாம் வகுப்பு. சேர்த்த பள்ளியின் பெயர் வேண்டாம். தமிழ்ப் பையன்தானே, மலையாளம் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தும் விட்டது. மூன்றே மாதத்தில் மைதானத்தில் சண்டை போடும் அளவுக்கு மலையாளம் பேசினேன். ஆனால் அரையாண்டுத் தேர்வில் அறிவியல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெறுமனே கொடுத்தேன். ‘பிரகாஷ சம்ஸ்லேஷணம்’ என்று ஒரு கேள்வி. எனக்கு ஒளிச்சேர்க்கை தெரியும். இலை, சூரியன், பச்சையம் எல்லாம் தெரியும். அந்தச் சொல்தான் தெரியாது. நன்றாகப் பேசுகிறவன் எழுதவில்லை என்றால் என்ன அர்த்தம்? மந்தம் அல்லது திமிர். இரண்டு பெயரும் எனக்குக் கிடைத்தன.

பல வருடம் கழித்து, மொழிபெயர்ப்பைத் தொழிலாக எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்தக் கேள்வித்தாளின் ரகசியம் விளங்கியது. ஒளிச்சேர்க்கைக்கு ஹிந்தியில் ‘பிரகாஷ் சம்ஸ்லேஷண்’. மலையாளத்துக்கும் அதற்கும் வாலில்தான் வித்தியாசம். வங்காளியிலும் ஒடியாவிலும் முன்பாதி மாறினாலும் பின்பாதி அதே வடமொழி வேர்தான். அதாவது தெருவில் மலையாளத்துக்கு நெருங்கிய சொந்தம் தமிழ்ப்பிள்ளை. கையும் காலும் கண்ணும் மூக்கும் இரண்டிலும் ஒன்று. உயர்நிலை வகுப்பின் அறிவியல் பாடத்தில் சொந்தம் இடம் மாறிவிடுகிறது. தன் ஊரில் ஏழெட்டு வகுப்பு படித்துவிட்டு வந்த பீகார்ப் பிள்ளை அந்தச் சொற்களை எங்கோ கேட்டிருக்கும். தமிழ்ப்பிள்ளைதான் அங்கே அந்நியன்.

இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது என்பது இதனால்தான். வடக்கிலிருந்து வரும் பிள்ளைக்குத் தெருமொழியும் எழுத்தும் வேண்டும். தமிழ்ப்பிள்ளைக்குப் பாடமொழி வேண்டும். முதல் பிள்ளையின் கஷ்டம் முதல் நாளே தெரிந்துவிடும். இரண்டாவது பிள்ளையின் கஷ்டம் மதிப்பெண் பட்டியல் வரும்வரை யார் கண்ணிலும் படாது.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1979லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். விளையாட்டுக்கும் கடைக்கும் வேண்டிய பேச்சுமொழி ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தகத்தின் மொழி பிடிபட ஐந்து வருடத்திலிருந்து ஏழு வருடம்கூட ஆகலாம். முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு அந்த அவகாசம் உண்டு. எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு இருப்பது மூன்றே வருடம். ரோஷ்னி போன்ற முயற்சிகளின் கவனம் பெரும்பாலும் சிறு வகுப்புகளில்தான். அது தவறு அல்ல. அடித்தளம் அங்கேதான். ஆனால் வீட்டுமொழியின் கைத்தாங்கல் மிகவும் தேவைப்படும் வயதில் அது கிடைப்பதில்லை.

சட்டமும் அப்படியே. 1956ல் மாநிலங்கள் பிரிந்தபோது அரசியல் சட்டத்தில் 350ஏ சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கற்கும் வசதி வேண்டும் என்கிறது, ஆனால் தொடக்கக் கல்விக்கு மட்டும். 2009ன் கட்டாயக் கல்விச் சட்டம் ‘இயன்றவரை’ தாய்மொழியில் என்கிறது, 14 வயது வரைக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது பதினைந்து.

கேரளத்தின் பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம் ஒரு விதத்தில் தாராளமானது. முதல் மொழி இரண்டு தாளாக இருக்கிறது. மலையாளம் மட்டுமல்ல, தமிழ், கன்னடம், உருது, சமஸ்கிருதம், அரபி என்று பட்டியல் நீளும். குஜராத்திகூட உண்டு. மட்டாஞ்சேரியில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் குஜராத்திக் குடும்பங்களை நினைத்தால் காரணம் புரியும். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வழியிலேயே படிக்கலாம். ஆனால் பழைய விருந்தாளிகளுக்குத்தான் பட்டியலில் இடம். இன்று ஆலுவா தெருவில் கேட்கும் வங்காளிக்கும் ஒடியாவுக்கும் அங்கே இடமில்லை. 2017ல் வந்த சட்டம் கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. ஒரே வருடத்தில் மலையாளத்துக்குச் சட்டம், மலையாளம் தெரியாத பிள்ளைகளுக்கு ரோஷ்னி. ஒன்றுக்கொன்று முரண் என்று தோன்றலாம். இல்லை. கட்டாயம் என்று சொன்னவர்கள் ஏணியும் போட வேண்டும் அல்லவா?

ஆலுவா மார்க்கெட் பக்கம் டீக்கடை நடத்தும் கம்பத்துக்காரப் பெண் ஒருவர் என் தமிழைக் கேட்டதும் சர்க்கரையைக் கூடப் போட்டுக் கலக்கினார். வந்து இருபது வருடம் ஆகிறதாம். மகன் பத்தாவது.

“மலையாளம் எப்படிப் படிக்கிறான், அக்கா?”

“அதெல்லாம் வெள்ளமா வரும் சார். தமிழ்தான்... பேசுவான். எழுத்துக்கூட்ட மாட்டான். எங்கம்மா போன்ல எழுதி அனுப்பினா, என்கிட்ட நீட்டுறான்.”

“தமிழை முதல் மொழியா எடுத்திருக்கலாமே?”

“அப்படி எடுக்கலாம்னு அப்ப யாரும் சொல்லல சார். தெரிஞ்சிருந்தாலும் இங்க டீச்சர் வேணும்ல?”

அவர் குறையாகச் சொல்லவில்லை. மகன் மலையாளியாக நடமாடுவது அவருக்குப் பெருமைதான். ஒரு காலத்தில் அவரையே ‘பாண்டி’ என்று கூப்பிட்ட தெரு இது. ஆனால் அவர் கேட்காத ஒரு கேள்வி எனக்கு இருந்தது. வீட்டுமொழி மலையாளத்துக்கு ஏறிப்போகும் ஏணி மட்டும்தானா? ஏறியதும் எடுத்துவிடலாமா? ரோஷ்னி வகுப்பில் ஒடியா பேசக் கேட்டு மகிழும் பிள்ளை ஒடியா எழுதக் கற்பதில்லை. அப்பாவின் வேலை முடிந்து ஊர் திரும்பினால் அங்கே மறுபடி எழுத்தறியாத பிள்ளை.

மாலையில் அத்வைத ஆசிரமத்துக்குப் போனேன். சிவராத்திரி மணப்புறத்துக்கு எதிர்க்கரையில், பெரியாற்றைப் பார்த்தபடி இருக்கிறது. ஸ்ரீ நாராயண குரு 1913ல் நிறுவியது. கூடவே ஒரு சமஸ்கிருதப் பள்ளியும் நடத்தினார். ஈழவர் போன்ற சாதிகளுக்கு அந்த மொழி எட்டாமல் இருந்த காலத்தில் அது சாதாரணக் காரியமல்ல. பாடமொழியின் பூட்டை உடைத்த காரியம். தமிழிலும் பாடியவர் அவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். ஒரு மொழிக்காக இன்னொரு மொழியை அவர் கைவிடவில்லை. 1924ல் இங்கேதான் சர்வமத மாநாடு கூட்டினார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். வாதிட்டு வெல்ல அல்ல, அறியவும் அறிவிக்கவும்தான் கூடுகிறோம் என்பது அந்த மாநாட்டின் வாசகம்.

அறிவிக்க மொழி வேண்டும். பிள்ளைக்குப் புரிகிற மொழி.

பெரிய செலவு எதுவும் இல்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல், கணிதப் புத்தகங்களின் கடைசியில் மலையாளம், ஆங்கிலம், ஹிந்தி, தமிழ், வங்காளி, ஒடியா என்று கலைச்சொல் பட்டியல் ஒன்று. நடு வருடத்தில் வந்து சேரும் பிள்ளையை முதல் தேர்வில் அதன் மொழியில் வாயால் பதில் சொல்ல விடுவது. பக்கத்துப் பள்ளிகள் ஐந்தாறு சேர்ந்து வாரம் ஒருநாள் ஒரு தமிழ் ஆசிரியரையோ ஒடியா ஆசிரியரையோ பகிர்ந்துகொள்வது.

இதைக் கேரளத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் ரயிலேற முடியாது. தமிழ்நாட்டிலும் 2006ன் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் திருவள்ளூர் செங்கல் சூளைகளிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘ஒளிச்சேர்க்கை’ என்ற அழகான தமிழ்ச்சொல்லை வினாத்தாளில் பார்த்து, பதில் தெரிந்தும் வெறுமனே கொடுத்துவிட்டு வரும் பீகார்ப் பையன் ஒருவன் இந்த அரையாண்டிலும் எங்கோ இருப்பான். அவனை மந்தம் என்று எழுதுமுன் ஒரு நிமிடம், பிரகாஷ் சம்ஸ்லேஷண் என்று சொல்லிப் பார்க்கலாம்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பிளாட்பாரத்தில் ஒரு வடநாட்டுக் குடும்பம். ஆறு வயதுப் பெண் குழந்தை கடைக்காரரிடம் பாட்டிலைக் காட்டி, “சேட்டா, வெள்ளம்” என்றது. வாங்கியதும் திரும்பி அம்மாவிடம் “பானி” என்று நீட்டியது. பத்தாம் வகுப்பு வரும்போது இரண்டு சொல்லும் அதனிடம் இருக்க வேண்டும்.