சண்டை முடிந்த பிறகு வரும் ரிப்போர்ட்

 

ஆலயப் பக்கத்தில் சண்டைப் போட்டியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஞாயிறு காலை பூஜை முடிந்து நாங்கள் அன்னதானப் பாத்திரம் கழுவும் நேரத்தில்தான், நம்ம நேரப்படி பத்து, பதினோரு மணிக்கு, அமெரிக்காவில் யூ.எஃப்.சி.யின் பெரிய சண்டைகள் நடக்கும். பிள்ளைகள் கை நிறைய சோப்பு நுரையோடு ஃபோனை அண்டா மேல சாய்த்து வைத்துப் பார்ப்பார்கள். நாங்களும் எட்டிப் பார்ப்போம், மறைக்க ஒன்றுமில்லை. 2017 மே மாதம் நம்ம செந்தூல்காரர் அகிலன் தாணி சிங்கப்பூர் உள்ளரங்கில் பென் ஆஸ்க்ரெனோடு உலகப் பட்டத்துக்கு மோதினார். முதல் சுற்றிலேயே தோற்றார். இருந்தாலும் அன்றிலிருந்து எம்.எம்.ஏ. என்பது நம்ம பிள்ளைகளுக்கு யாரோ வெள்ளைக்காரன் விளையாட்டாகத் தெரியவில்லை. ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த இடத்தில் ஊசியும் வருகிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் ஊக்கமருந்து போட்டு ஜெயித்தால், பக்கத்தில் ஓடியவனுக்குப் பதக்கம் போகும். அநியாயம்தான். ஆனால் அவன் முழு உடம்போடு வீட்டுக்குப் போவான். சண்டையில் அப்படி இல்லை. மருந்து ஏற்றிய பலம் எதிரில் நிற்பவன் தாடையில், கண்ணில், மண்டையில் போய் இறங்கும்.

மைக்கேல் பிஸ்பிங் பெயரைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். இங்கிலாந்துக்காரர். 2013 ஜனவரியில் பிரேசிலில் விட்டோர் பெல்ஃபோர்ட்டோடு மோதி, தலையில் உதை வாங்கி, இரண்டாவது சுற்றில் தோற்றார். வலது கண்ணின் விழித்திரை கழன்றது அந்தச் சண்டையில்தான் என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. ஒரு கண்ணோடு 2016-இல் உலகப் பட்டமே வாங்கினார், அது வேற கதை.

பெல்ஃபோர்ட் அந்தச் சமயம் டெஸ்டோஸ்டெரோன் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாக இல்லை, அனுமதியோடு! உடம்பில் ஹார்மோன் குறைவு என்று டாக்டர் கடிதம் இருந்தால் அப்போது விட்டுவிடுவார்கள். 2006-இல் ஒருமுறை ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியவர் அவர். அவருக்கே அந்தச் சலுகை. 2014 பிப்ரவரியில்தான் நெவாடா மாநில ஆணையம் அந்தக் கதவை மூடியது. லாஸ் வேகாஸ் அந்த மாநிலத்தில் இருப்பதால், அவர்கள் மூடினால் மற்றவர்களும் மூடித்தான் ஆக வேண்டும். மருந்தால்தான் பிஸ்பிங் கண் போனது என்று நாங்கள் சொல்லவில்லை. சுத்தமான காலும் கண்ணைக் கெடுக்கும். ஆனால் அந்தக் கேள்வியோடு ஒரு மனுஷன் காலம் பூராவும் இருக்க வேண்டியதாகிவிட்டது, பாருங்கள்.

இனி சோதனை விஷயம். நாங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபேக்டரியில் இருக்கிறவர்கள், அதனால் எங்கள் கண்ணுக்கு எல்லாமே கியூ.சி.யாகத்தான் தெரியும். பெயர் வேண்டாம், முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கியூ.சி. பெண்கள் மஞ்சள் டேக் ஒட்டி நிறுத்தி வைத்த லாட்டை மாதக் கடைசியில் மேனேஜர் ஒரே கையெழுத்தில் வெளியே அனுப்பிவிடுவார். லேப் ரிப்போர்ட் வரும்போது கொண்டெய்னர் கடலில் இருக்கும். அந்தப் பெண்கள் வேலையில் குறை இல்லை. கியூ.சி.யே புரொடக்‌ஷனுக்குக் கீழே இருந்தது, அதுதான் கோளாறு.

யூ.எஃப்.சி.யிலும் இதே கதை. பல வருஷம் சாம்பியனாக இருந்த ஆண்டர்சன் சில்வாவிடம் 2015 ஜனவரி 9-ஆம் தேதி மாதிரி எடுத்தார்கள். சண்டை ஜனவரி 31. ஸ்டீராய்டு இருந்தது என்ற செய்தி வெளியே வந்தது பிப்ரவரியில். சரக்கு போன பிறகு ரிப்போர்ட். பெரிய அவமானம். அதே ஆண்டு ஜூலையில் யூசாடா என்ற அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தைக் கொண்டு வந்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக் கதவைத் தட்டி ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். இது நல்ல ஏற்பாடு, நாங்கள் பாராட்டுகிறோம். நிறைய பேர் மாட்டினார்கள்.

ஆனால் 2016 ஜூலையில் 200-ஆவது யூ.எஃப்.சி. வந்தது. மல்யுத்த ஷோவில் புகழ்பெற்ற பிராக் லெஸ்னரைக் கூப்பிட்டார்கள். ஓய்விலிருந்து திரும்புகிறவர் நாலு மாதம் சோதனையில் இருந்துவிட்டுத்தான் சண்டைக்கு வர வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்திலேயே விலக்குக் கொடுக்கும் உரிமையை யூ.எஃப்.சி. தன் கையில் வைத்திருந்தது. லெஸ்னருக்கு விலக்கு கொடுத்தது. டிக்கெட் விற்க வேண்டுமே! அவர் மார்க் ஹன்ட்டைப் போட்டு அடித்தார், புள்ளியில் ஜெயித்தார். ஒரு வாரத்துக்குள் ரிப்போர்ட்: சண்டைக்கு முன் எடுத்த மாதிரியில் க்ளோமிஃபீன். குழந்தைப் பேறுக்காகப் பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரை அது. ஸ்டீராய்டு போட்டு நிறுத்தியவர்கள், படுத்துப்போன சொந்த ஹார்மோனை எழுப்ப அதை விழுங்குவார்களாம். லெஸ்னருக்கு ஓர் ஆண்டு தடை, இரண்டரை லட்சம் டாலர் அபராதம். அன்றைய சண்டைக்கு அவருக்கு அறிவித்த சம்பளம் இருபத்தைந்து லட்சம் டாலர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஹன்ட் வழக்குப் போட்டார், ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வாங்கிய அடியை எந்தக் கோர்ட் திருப்பி எடுக்கும்?

எங்கள் கருத்து இதுதான். டிக்கெட் விற்கிறவன் கையில் விலக்குச் சீட்டு இருக்கும்வரை, சோதனை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஓட்டை ஓட்டைதான். 2023 கடைசியில் யூசாடாவோடு இருந்த ஒப்பந்தமும் முடிந்தது. கோனர் மெக்கிரெகர் திரும்பி வரும் விஷயத்தில்தான் உரசல் என்று யூசாடா சொன்னது, யூ.எஃப்.சி. மறுத்தது. இப்போது வேறு நிறுவனம் மாதிரி எடுக்கிறது. பணம் கட்டுவது பழைய ஆள்தான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் எங்களுக்கே மனசு ஒப்பாது. மெஷின் கூர்மையாகக் கூர்மையாக, ஒன்றுமில்லாததும் ஏதோ இருப்பதாகத் தெரியும். ஜோன் ஜோன்ஸ் 2017-இல் டேனியல் கார்மியரை வீழ்த்திய பிறகு டியூரினபோல் என்ற ஸ்டீராய்டில் மாட்டினார். வெற்றி ரத்து, 15 மாதம் தடை. தடை முடிந்து 2018 டிசம்பரில் வந்தால், அதே மருந்தின் துகள் இன்னும் உடம்பில்! அளவு பிகோகிராமில். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதுதான் பிகோகிராம். புதிதாகப் போட்டது இல்லை, பழைய மிச்சம் என்று யூசாடா சொன்னது. நெவாடா உடனே லைசென்ஸ் கொடுக்கவில்லை. சண்டைக்கு ஆறு நாள் இருக்கும்போது மொத்தப் போட்டியையும் லாஸ் வேகாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விமான டிக்கெட் எடுத்த ரசிகன் கதியை யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு சில பொருள்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். அதற்குக் கீழே இருந்தால் குற்றம் இல்லை. ஜோன்ஸ்மேல் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த அளவு வைத்தது சரி. டாலரன்ஸ் இல்லாத டிராயிங்கை வைத்துக்கொண்டு எந்தச் சாமானையும் பாஸ் பண்ண முடியாது.

இது நமக்குப் புதுசா என்ன? 2014-இல் டத்தோ லீ சோங் வெய்க்கு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். டெக்ஸாமெத்தசோன். அதுவும் ஸ்டீராய்டு வகைதான், ஆனால் வீக்கம் குறைக்க டாக்டர் கொடுப்பது, சதை ஏற்றுவது இல்லை. எட்டு மாதம் தடை, உலகப் போட்டி வெள்ளிப் பதக்கமும் போனது. வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. சாப்பிட்ட சத்து மாத்திரையின் உறை வழியாக வந்ததாம். மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை நாங்கள் எல்லாரும் அதைப் பேசினோம்.

இப்போது நம்ம பையன் ஒருவன் விஷயம். பெயர் சொல்ல மாட்டோம், நீங்களும் கமெண்டில் தேட வேண்டாம். வயது 19. ஜிம்மில் சேர்ந்து எட்டு மாதம். அமெச்சூர் சண்டைக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். பத்து வாரம் ஊசி போட்டால் உடம்பு ஏறும் என்று அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். எங்களிடம் வந்து, "அங்கிள், மேல இருக்கிறவங்க எல்லாருமே போடுறாங்க. மாட்டுறவன் மடையன், மாட்டாதவன் சாம்பியன், அவ்ளோதான்லா" என்றான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் அவனைக் கேட்டோம்: "தம்பி, உன்னை யார் சோதிக்கப் போறா?" யோசித்தான். யாரும் இல்லை. அவன் போகிற போட்டியில் கப் நீட்டிச் சிறுநீர் கேட்க ஆள் கிடையாது. எதிரில் நிற்கப் போகிறவனும் ஒரு 19 வயதுப் பையன், எங்கேயோ தோட்டத்துப் பக்கமிருந்து வருகிறவன், அவன் அம்மாவும் எந்தக் கோயிலிலோ விளக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். லெஸ்னருக்காவது பிறகு ஒரு ரிப்போர்ட் வந்தது. இங்கே அதுவும் வராது. கியூ.சி. இல்லாத லைனில் ஆபரேட்டர்தான் கியூ.சி., ஃபேக்டரியில் முதல் நாளே நாங்கள் சொல்லிக் கொடுப்பது அது. அவன் ஒன்றும் பேசவில்லை. குட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

பெற்றோருக்குக் கொஞ்சம் விவரம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டெரோன் ஏற்றினால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விதை சுருங்கும், பிள்ளைப்பேறு பாதிக்கும். முதுகில் முகப்பரு, காரணமில்லாத கோபம், சில பையன்களுக்கு மார்பு பெண்பிள்ளை மாதிரி பெருக்கும். நல்ல கொழுப்பு குறையும், இதயத்துக்குப் பாரம். இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை சட்டை சைஸ் இரண்டு மாறினால், சத்துணவு என்று சந்தோஷப்படுவதற்கு முன் அறையில் சின்னக் கண்ணாடி புட்டி, ஊசி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கிடைத்தால் கத்தாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். புட்டியை அப்படியே ஃபார்மசியில் இருக்கும் மருந்தாளுநரிடமோ அரசு கிளினிக் டாக்டரிடமோ காட்டுங்கள். ஏற்கனவே போட்டுக்கொண்டிருந்தால் எப்படி நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். புரோட்டின் டப்பாவும் அப்படித்தான். லேபிளில் யார் தயாரித்தது என்றே இல்லாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள்.

டாக்டரிடம் தனியாகப் போகக் கூச்சப்படும் பிள்ளைகள் இருந்தால் உள்பெட்டியில் எழுதட்டும். எங்களுக்கு இந்த மாதம் காலை ஷிஃப்ட், மூன்று மணிக்கு மேல் கூடப் போக முடியும்.