துப்பாக்கி வாங்கினேன்!

என் மச்சினன் டெக்ஸாஸில் இருக்கிறான். கிரீன் கார்டு வந்ததும் முதல் காரியமாக வீடு வாங்குவான் என்று என் மாமனார் காத்துக்கொண்டிருக்க, பயல் துப்பாக்கி வாங்கிவிட்டான்.

வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தான். கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, மெலிந்த குழல். பாயின்ட் டூ டூ ரைஃபிள். "அத்தான், செமி ஆட்டோமேட்டிக்! புது மாடல். இருநூத்துச் சொச்சம் டாலர்தான். அள்ளிட்டு வந்துட்டேன்" என்றான், ஆடித் தள்ளுபடியில் குக்கர் வாங்கிய உற்சாகத்தோடு.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் என்னவென்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒரு குண்டு. அந்தக் குண்டு வெடித்த வேகத்திலேயே காலித் தோட்டாவை வெளியே துப்பிவிட்டு, அடுத்ததை அதுவே உள்ளே ஏற்றிக்கொள்ளும். நாம் விசையை விட்டு மறுபடி அழுத்தினால் போதும். ரூகர் கம்பெனியின் 10/22 என்கிற ரைஃபிள் இந்த ரகத்தில் 1964-லிருந்து அங்கே சக்கைப்போடு போடுகிறது. மச்சினன் வாங்கியது அதே வேலையைச் செய்யும் வேறு கம்பெனியின் மலிவுப் பதிப்பு.

"லைசென்ஸ் எல்லாம்?" என்றேன்.

"கடையிலேயே ஒரு ஃபாரம் அத்தான். 4473-னு நம்பர். ஃபில்லப் பண்ணிக் கொடுத்தா, எஃப்.பி.ஐ. லிஸ்ட்ல நம்ம பேர் இருக்கான்னு கடைக்காரரே செக் பண்ணுவார். இல்லேன்னா கையில கொடுத்துடுவார்."

எனக்கு இங்கே ஒரு காஸ் கனெக்‌ஷனின் பெயரை மாற்ற ஆறு வாரம் ஆனது ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பொறாமை! சின்ன வயசில் மெரினாவில் பலூன் சுடுவதற்காகவே அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன் நான். பத்து ரவைக்கு இரண்டு பலூன் உடையும். மீதி எட்டுக்கும் துப்பாக்கிக் குழல் கோணல் என்று சொல்லிவிடுவேன். அந்த வீரன் எனக்குள் இன்னும் சாகவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆனால் நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளெல்லாம் என் மாதிரி ஆசாமி கனவில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம். சட்டம் விட்டுவைத்திருக்கும் ஒரே சந்து, ஏர்கன். 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள்ளும், ரவையின் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம்.

வாங்கினேன். இந்தியத் தயாரிப்பு, புது மாடல், ஏழாயிரத்துச் சொச்சம். (கம்பெனி பெயர் வேண்டாமே. விளம்பரம் என்பார்கள், அல்லது வழக்குப் போடுவார்கள்.) கடையில் ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டார்கள். பழைய வேட்டியில் சுற்றிய நாலடி நீளச் சமாச்சாரத்தோடு ஆட்டோவில் ஏறினேன்.

"என்ன சார், ஸ்க்ரீன் கம்பியா?" என்றார் டிரைவர்.

"ஆமாங்க" என்றேன். துப்பாக்கி வாங்கிய வீரனின் முதல் பொய்!

வீட்டில் வேட்டியைப் பிரித்ததும் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, மிக்ஸி ரிப்பேர்னு நாலு மாசமா சொல்லிட்டிருக்கேனே, அது ஞாபகம் இருக்கா?"

இனி, வாங்கியவன் என்ற முறையில் பொருளைப் பற்றி.

இது நடுவில் மடிகிற ரகம். குழலைப் பிடித்துக் கீழே மடக்கினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுகும். ஒரு குடம் தண்ணீரைத் தூக்குகிற பலம் வேண்டும். திறந்த வாயில் ஒரு ரவையை வைத்து, குழலை நிமிர்த்தி மூடி, குறி பார்த்து, விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றைத் தள்ளும். காற்று ரவையைத் தள்ளும். மறுபடி மடக்கி, ரவை வைத்து... மச்சினன் பத்து சுட்டு முடிக்கிற நேரத்தில் எனக்கு ஒன்றுதான் ஆகும். அவனுடையதில் ஆட்டோமேட்டிக் துப்பாக்கிக்குள் இருக்கிறது. என்னுடையதில் நான்தான் ஆட்டோமேட்டிக்!

ரவை என்றதும் உப்புமாவை நினைக்காதீர்கள். ஈயத்தில் செய்தது. இடை சிறுத்து, உடுக்கை மாதிரி இருக்கும். எடை அரை கிராம். அது விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் சக்தி 10 ஜூல். மச்சினனின் குண்டு ஏறக்குறைய 140 ஜூல். பதினாலில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, 'அட, விளையாட்டுச் சாமான்தான்' என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பி.காம். படித்தவன் போட்ட தப்புக் கணக்கு அது. பின்னால் வருகிறேன்.

முதல் பத்துச் சுடலுக்குக் குழலிலிருந்து புகை வந்தது. மனைவி பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவள் மாடிக்கு ஓடி வந்தாள். பயப்பட ஒன்றுமில்லை. புதுத் துப்பாக்கிக்குள் பூசியிருக்கும் எண்ணெய், அழுத்தத்தில் சூடாகி எரிகிறது. கொஞ்ச நாளில் நின்றுவிடும். நின்றது.

விசை ரொம்பக் கனம். விரலால் அழுத்துகிறோமா, மாட்டு வண்டியைத் தள்ளுகிறோமா என்று சந்தேகம் வரும். அதற்குள் குறி நகர்ந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். உள்ளே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் முன்னும் பின்னும் துள்ளுவதால், ரவை வெளியே போகுமுன்பே துப்பாக்கி குதித்துவிடும். இடது உள்ளங்கையில் சும்மா தாங்கிக்கொண்டு, அது இஷ்டத்துக்குத் துள்ள விட்டுவிட வேண்டும். (கல்யாணமானவர்களுக்கு இந்தக் கலை சுலபமாகப் பிடிபடும்.) ரவை போடாமல் வெறுமனே சுடக் கூடாது, பிஸ்டன் மோதிக் கெட்டுவிடும். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈயமல்லவா.

இருநூறு ரவை செலவழித்த பிறகு, பத்து மீட்டர் தூரத்தில் அஞ்சு ரவையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழ ஆரம்பித்தன. நான் அபினவ் பிந்த்ராவாகிவிட்டேன்! 2008-ல் பீஜிங்கில் அவர் தங்கம் வாங்கியது இதே பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் ஜெயித்ததும் இதிலேதான். ஆனால், அந்தப் போட்டி அட்டையில் பத்துப் பாயின்ட் வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர் என்று படித்ததும், ரூபாய் நாணயத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சமாச்சாரம் தெருவில் பரவியது. கொய்யாவைக் கிளி கடிக்கிறது, ஒன்றே ஒன்றைத் தட்டினால் மற்றது வராது என்று எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். கிளியைச் சுட்டால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே போக வேண்டியதுதான் என்றேன். "பின்னே எதுக்கு சார் துப்பாக்கி?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

இனிமேல்தான் விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அட்டையைச் சுட்டு அலுத்துவிட்டது. மெரினா ஞாபகம் வந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு சிவப்பு பலூனைக் கட்டினேன். ஒன்பது வயசுப் பெண் பக்கத்தில் நின்றாள். "பாரு, அப்பா எப்படிச் சுடறேன்னு!"

காற்றில் பலூன் ஆடியது. சுட்டேன். பலூன் அப்படியே இருந்தது. எங்கோ 'டக்' என்று சத்தம். பலூனுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் பீறிட்டது. டேங்க்கிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாய். பல வருஷ வெயிலில் காய்ந்து உளுத்துப்போயிருந்தது. அதில் என் ரவை!

அந்த வீட்டுப் பிள்ளை ஓடி வந்து வால்வை மூடினார். என்னைப் பார்த்து, "வெயில்ல பைப் வெடிச்சிருச்சு சார். சம்மர் வந்தாலே இதே தொல்லை" என்றார்.

நான் துப்பாக்கியைச் சுவருக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தேன். அவருக்குத் தெரியவில்லை. "ஆமா சார், வெயில்" என்றேன்.

திரும்பினால், என் பெண். ஒன்றும் பேசவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

கீழே போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். ரசம் இறங்கவில்லை. குழாய் இருநூறு ரூபாய் சமாச்சாரம், பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு பக்கம் கணக்கு. இன்னொரு பக்கம், அந்த மாடியில் நான் பார்த்த ஒன்று கண்ணை விட்டுப் போகவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் விரித்திருந்த வெள்ளை வேட்டி. அதன் மேல் வரிசையாக வடாம். ஒரு பாதிதான் பிழிந்திருந்தது. ஓரத்தில் ஒரு மணை.

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

பக்கத்து வீட்டுக் கூடத்தில் பாட்டி உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பிள்ளையிடம்தான் சொன்னேன். "சார், பைப் வெடிக்கலை. நான்தான் சுட்டேன். பிளம்பர் கூலி என் பொறுப்பு."

அவர் முகம் சிவந்தது. "என்ன சார் இது, மனுஷங்க இருக்கிற இடம்..." என்று ஆரம்பித்தவரைப் பாட்டி கையமர்த்தினார்.

"அந்தக் குண்டு எங்கே தம்பி?"

உடைந்த குழாய்த் துண்டிலிருந்து நசுங்கிய ரவையை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இவ்வளவுதானா? மிளகு மாதிரி இருக்கு."

கொஞ்ச நேரம் அதையே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, கோபமே இல்லாமல், ரேஷன் கடையில் கூட்டம் இருந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "மாவு தீர்ந்துபோச்சுன்னு கீழே வந்தேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் அந்த மணையிலதான் உக்காந்திருந்தேன். என் தலை அந்தக் குழாய் உசரத்துக்குத்தான் வரும்."

எனக்குக் கால் நடுங்கியது. பதினாலில் ஒரு பங்காம்! விளையாட்டுச் சாமானாம்! பத்து ஜூல் என்பது ஒரு கண்ணுக்குப் போதும். அட்டைப் பெட்டிக்குள்ளே கொடுத்திருந்த சின்னப் புத்தகத்தில், ரவை நூற்றுக்கணக்கான மீட்டர் போகும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். நான் நேராக 'எண்ணெய் போடுவது எப்படி' பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி மச்சினனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீ எங்கேடா சுடறே?" என்றேன்.

"ரேஞ்சுல அத்தான். வீட்டுல சுட முடியுமா? இலக்குக்குப் பின்னாடி பெரிய மண் மேடு இருக்கும். ஒரு ஆபீசர் நிப்பார். அவர் சொன்னாத்தான் தொடணும். முதல் நாளே சொல்லிக்கொடுத்தாங்க, குறியைப் பார்க்கறதுக்கு முன்னாடி குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்கணும்னு. உங்களுக்குக் கடையில யாரும் சொல்லலையா?"

கடையில் யாரும் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், எனக்கு ஏழு வயசிலேயே ஒருவர் காட்டியிருக்கிறார். மெரினா பலூன்காரர்! அவருடைய பலூன்கள் எல்லாம் ஒரு பெரிய பலகை மேலேதான் இருக்கும். எத்தனை வருஷம் அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறேன்! பலூனைத்தான் பார்த்தேனே தவிர, பலகையைப் பார்க்கவில்லை. படிப்பு வாசனை இல்லாதவர் என்று நான் நினைத்த அந்த மனுஷருக்குத் தெரிந்தது, எனக்கு ஒரு குழாயை உடைத்த பிறகு தெரிகிறது.

இப்போது துப்பாக்கி மாடியில் இல்லை. கீழே, வீட்டுக்குப் பின்புறச் சந்தில். கடைசியில் எட்டடி மதில். அதற்கு முன்னால் மணல் ரொப்பிய மரப்பெட்டி. பெட்டியின் மேல் அட்டை. சுடாத நேரத்தில் துப்பாக்கி பீரோவில், சாவி மனைவியிடம். (மிக்ஸி ரிப்பேராகி வந்த பிறகுதான் சாவி முதல் தடவை வெளியே வந்தது.) ரவை டப்பா தனியே, வேறு அலமாரியில்.

மாடலைப் பற்றி என் தீர்ப்பு? கொடுத்த காசுக்குக் குறை சொல்ல முடியாது. விசை கனம், கட்டை சுமார், குறி நேர். அது சொன்ன இடத்துக்குத்தான் போகிறது. சொல்கிறவனைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பெண்ணும் பத்து ரவை சுடுகிறோம். ஒவ்வொரு தடவை நான் துப்பாக்கியைத் தூக்கும்போதும் அவள் கேட்கிறாள். "அப்பா, பின்னாடி என்ன இருக்கு?"

"மணல். மணலுக்குப் பின்னாடி மதில்."

"சரி, சுடு."

பாட்டி அந்தக் கோடையில் மிச்ச வடாமையும் பிழிந்து முடித்தார். ஒரு டப்பா எங்கள் வீட்டுக்கும் வந்தது. பொரித்தபோது அதற்குள் ரவை ஏதாவது இருக்கிறதா என்று என் மனைவி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

எனக்குப் போடப்பட்டதை மட்டும் பார்க்கவில்லை!