இஸ்திக்லாலின் எதிர்வாசல்

செருப்பைக் கழற்றி வைத்து, அங்கே கொடுத்த நீள அங்கியை மாட்டிக்கொண்டு ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசலுக்குள் நுழைந்தேன். எஃகுத் தகடு போர்த்திய 12 பெருந்தூண்கள். அவற்றின் மேலே 45 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். இந்தோனேசியா விடுதலையை அறிவித்த 1945ஐ அது குறிக்கிறதாம். இதை வடிவமைத்த ஃபிரெடெரிக் சிலபான், சுமத்ராவின் பதாக் இனத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். போட்டிக்கு வந்த வரைபடங்களில் அவருடையதைத்தான் முதல் அதிபர் சுகர்னோவின் நடுவர் குழு தேர்ந்தெடுத்தது. அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.

சாலையைக் கடந்தால் 1901இல் எழும்பிய கத்தோலிக்கப் பேராலயம். அதன் கூர்ங்கோபுரங்கள் இரும்பில் பின்னிய சரிகை போல வானத்தில் நிற்கின்றன. கிறிஸ்துமஸ் இரவில் இங்கே வருவோரின் வண்டிகளுக்குப் பள்ளிவாசல் வளாகம் இடம் தருகிறது. முஸ்லிம்களின் பெருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் பேராலயம் திருப்பலி நேரத்தை மாற்றிக்கொள்கிறது. இரண்டையும் இணைக்கும் சுரங்கப்பாதையின் வாசலுக்கு 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் வந்தார். அதைவிட அந்த வண்டி நிறுத்தமே எனக்குப் பெரிதாகப் பட்டது. விழா முடிந்த பிறகும் ஆண்டுதோறும் தொடர்கிற உறவு அல்லவா?

இதே பேராலயமும் 2000இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் குண்டுவெடிப்புக்கு இலக்கானது. அன்று பல நகரங்களில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. கிழக்கு ஜாவாவின் மொஜோகெர்த்தோவில் ஒரு தேவாலயத்துக்குக் காவல் நின்றவர் ரியான்தோ. 25 வயது. நஹ்தலத்துல் உலமா என்ற முஸ்லிம் பேரமைப்பின் பான்ஸர் தொண்டர். உள்ளே கிடந்த பொதியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அது வெடித்து உயிர்விட்டார். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். இன்றும் கிறிஸ்துமஸுக்குப் பான்ஸர் தொண்டர்கள் தேவாலய வாசல்களில் நிற்கிறார்கள்.

அந்த இளைஞனை நினைத்தால் நெஞ்சு விம்முகிறது. அதே நாட்டின் சட்டத்தை நினைத்தால் கோபமும் வருகிறது. வழிபாட்டுத்தலம் கட்ட அந்தச் சமயத்தார் 90 பேரின் பெயர்ப் பட்டியலும், சுற்றுவட்டாரத்தில் 60 பேரின் ஆதரவும் வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் அரசு விதி. பெரும்பான்மையினர் கையெழுத்திட மறுத்தால் சிறுபான்மையினர் எங்கே போவது? ஜகார்த்தாவுக்கு அருகிலுள்ள போகோர் நகரின் யாஸ்மின் கிறிஸ்தவ சபைக்கு 2010இல் உச்ச நீதிமன்றமே சாதகமாகத் தீர்ப்பளித்தும், அவர்கள் ஆலயத்துக்கு நகராட்சி போட்ட பூட்டு திறக்கவில்லை. இங்கிருந்து நடந்தே போகக்கூடிய அதிபர் மாளிகையின் முன்னால், வெயிலில் நின்று அவர்கள் பல ஆண்டுகள் ஆராதனை நடத்தினார்கள். 2023இல்தான் அவர்களுக்கு ஆலயம் கிடைத்தது; அதுவும் நகராட்சி ஒதுக்கிய வேறொரு நிலத்தில்.